மூன்று பேர் நிற்கக் கூடாத கேமரா

பழைய பொருளை விற்கப் போகிறவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பட்ட இடம் திண்டிவனம். விற்கப் போன பொருள் அப்பாவின் பிலிம் கேமரா. இது நடந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். அப்போதுதான் எனக்கு நாற்பது வயது முடிந்திருந்தது. நாற்பதில் நாய்க்குணம் வரும் என்பார்கள். எனக்கு வியாபாரக் குணம் வந்து தொலைத்தது.

கேமராவின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வே வேலையில் இருந்தவர். வளைகுடாவிலிருந்து லீவில் வந்த கோட்டக்குப்பத்து நண்பர் ஒருவரிடம் அதை வாங்கினார். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிவிட்டதால், "அவதான் மூத்தா, நான் ரெண்டாந்தாரம்" என்று அம்மா அதைக் காட்டிச் சொல்வாள். மூத்தாளுக்குத் தனியாகத் தோல் உறை, தனியாகப் பூத்துவாலை. அம்மாவின் கண்ணாடி வளையலுக்குக்கூட அலமாரியில் அவ்வளவு பத்திரமான இடம் கிடைத்ததில்லை.

அந்தக் கேமராவின் முகத்தில் ஒரு சின்னக் கைப்பிடி உண்டு. அதைக் கீழே தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் 'ஜிர்ர்ர்' என்று கொஞ்ச நேரம் முனகிவிட்டுத் தானாகவே படம் எடுத்துக்கொள்ளும். அந்த முனகல் முடிவதற்குள் அப்பா ஓடி வந்து எங்களோடு நின்றுகொள்ள வேண்டும். ஒருநாளும் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்ததில்லை. (டூட்டிக்கு மட்டும் கரெக்டா போவாரு, இது அம்மா.) எங்கள் ஆல்பத்தில் அப்பா நிற்கிற படமே கிடையாது. எல்லாவற்றிலும் வேட்டி நுனி பறக்க, முகம் பாதி கலங்கிப்போய், எங்களை நோக்கி ஓடி வந்துகொண்டே இருக்கிறார்.

ஆல்பத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. மூன்று பேர் சேர்ந்து நின்று போட்டோ எடுக்கக் கூடாது, எடுத்தால் நடுவில் நிற்கிறவருக்கு ஆகாது என்பார்கள் அல்லவா? ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த சங்கதிதான். தெரிந்தாலும் "அட, சும்மா இரு" என்று எடுத்துக்கொள்வார்கள். அம்மா அப்படி விடுகிற ஆள் இல்லை. எங்கள் குடும்பமோ அப்பா, அம்மா, நான் என்று கச்சிதமாக மூன்று பேர்.

ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நாலாவது ஆள் வேண்டும். அப்பா கேமராவை ஸ்டூல் மேல் வைத்துத் திருகிக்கொண்டிருக்க, அம்மா வாசலுக்குப் போய் ஆள் பிடித்து வருவாள். என் முதல் பிறந்தநாள் படத்தில் எங்களோடு நிற்பவர் தபால்காரர். கையில் வேறு யாருடைய கடுதாசியோ. தீபாவளிப் படத்தில் கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர். செஞ்சிக் கோட்டையில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) விற்ற அம்மாள், கூடையைக் கீழே வைக்கவே மாட்டேன் என்று இடுப்பில் வைத்துக்கொண்டு. பாண்டிச்சேரி கடற்கரையில் ஒரு புது மாப்பிள்ளை. அவருடைய மனைவியையும் சேர்த்தால் ஐந்து ஆகிவிடும், பிலிம் சட்டத்துக்குள் அடங்காது என்று அந்தப் பெண்ணை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டாள் அம்மா. படத்தில் அந்த மாப்பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பாவமாக இருக்கும்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் அப்பா போய்விட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். என் மகள் பிறப்பதற்கு முந்தின வருஷம் அது. மகள் பிறந்ததும் நான், என் மனைவி கலா, குழந்தை, அம்மா என்று எங்கள் கணக்கு தானாகவே நாலாகிவிட்டது. இனி வாசலில் போய் ஆள் தேட வேண்டாம். ஆனால் ஓடி வருவதற்குத்தான் ஆள் இல்லை.

கேமரா அலமாரியிலேயே கிடந்தது. நான் அவ்வப்போது எடுத்துத் துடைப்பேன், கண்ணில் வைத்துப் பார்ப்பேன், திரும்ப உறையில் போடுவேன். பிலிம் போட்டு எடுக்கும் தைரியம் வரவில்லை. ஒருநாள் அம்மா, "அத வித்துடுடா. அது பாட்டுக்கு உள்ள உக்காந்துக்கினு என்னையே பாக்குது" என்றாள். அம்மாவுக்குக் கஷ்டமாக இருக்கிறது போல என்று நினைத்து, நானும் பெரிய மனுஷன் மாதிரி, "ஆமாம்மா, சும்மா கெடந்தா பூசணம் புடிச்சிடும்" என்றேன்.

சொன்னேனே தவிர, மனசு வரவில்லை. போனில் பழைய சாமான் விற்கும் ஆப் ஒன்றில் விளம்பரம் போடுவேன். யாராவது விசாரித்தால் உடனே எடுத்துவிடுவேன். மறுபடி போடுவேன். "நீங்க கேமராவ விக்கறீங்களா, இல்ல அதுக்கு வரன் பாக்கறீங்களாங்க?" என்று கலா கேட்டாள். (வரன்தான் பார்த்தேன் போல. ஒருவன் பெயரில் எழுத்துப்பிழை இருந்தது என்பதற்காகப் பதிலே போடவில்லை.) கடைசியில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது வந்த ஒரு போனை அம்மா எடுத்து, "திண்டிவனமா? பக்கந்தான். நாங்களே கொண்டாந்து தர்றோம்ப்பா" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினோம். கேமராவை அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். என் மடியில் ஆல்பம். இந்தக் கேமரா எப்பேர்ப்பட்ட படமெல்லாம் எடுத்திருக்கிறது என்று காட்டினால் பேரம் நன்றாகப் படியும் என்பது என் வியாபார மூளையின் கண்டுபிடிப்பு. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் வரிசையில் நின்றபோது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேமரா உறையின் பித்தளைப் பொத்தானைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள். திரும்பிப் போய்விடலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. வாங்குகிறவனுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டதே என்று விழுங்கிவிட்டேன்.

வாங்குகிறவன் பெயர் பிரபு. திண்டிவனத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஏதோ வேலை. அவன் மனைவி சுகன்யா. கையில் மூன்று மாசக் குழந்தை, பெண். படியேறிப் போனதுமே சுகன்யா அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து, "ஒக்காருங்கம்மா, இப்பத்தான் மாவு அரைச்சி எடுத்தேன். வீடு கந்தரகோலமா கெடக்கு" என்றாள். சாப்பாட்டு மேஜை மேல் பெரிய எவர்சில்வர் குண்டானில் இட்லி மாவு, இன்னும் மூடி போடாமல்.

பிரபு கேமராவைக் கையில் வாங்கியவுடன் எனக்கு அவனைப் பிடித்துப்போனது. குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினான். அங்கே இங்கே திருகிப் பார்த்து, "சூப்பரா வெச்சிருக்கீங்கண்ணா" என்றான். நான் என் வியாபாரத் தந்திரத்தை ஆரம்பித்தேன். ஆல்பத்தை விரித்தேன்.

"இவரு யாருண்ணா, உங்க மாமாவா?"

"இல்ல, போஸ்ட்மேன்."

"ஓ. இவங்க உங்க அத்தையா?"

"மல்லாட்டை விக்கிறவங்க."

பிரபு அடுத்த பக்கத்தைத் திருப்பினான். ஜாக்கிரதையாக, "இவரு?" என்றான்.

"தெரியாது. பாண்டில பாத்தோம்."

"ஏதோ சோகமா இருக்காரே."

"அவரு பொண்டாட்டி வெளிய நிக்கிறாங்க."

பிரபு ஆல்பத்தை மெதுவாக மூடி வைத்தான். சுகன்யா குழந்தையைக் கொஞ்சம் இறுக்கி அணைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. விளக்கம் சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஏம்ப்பா, இத வாங்கி யாரை எடுக்கப் போற?"

"பாப்பாவத்தாம்மா. செல்லுல நூறு நூறா எடுக்கறோம், ஒண்ணக்கூடத் திரும்பிப் பாக்கறதில்ல. இதுல அளந்து எடுத்தா பத்திரமா வெச்சிப்போம்னு ஒரு ஆசை."

"நீ, உன் பொண்டாட்டி, பாப்பா. மூணு பேரா நின்னா எடுப்ப?"

"ஆமாம்மா, நாங்க மூணு பேருதானே."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. நான் பேச்சை நிறுத்துவதற்காக அம்மாவின் காலை மிதித்தேன். மிதிபட்டது டீப்பாயின் கால். பிரபு எதையும் கவனிக்காமல், "டைமர் வேலை செய்யுதான்னு பாத்துடலாம்ணா" என்று ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த ரோலைப் போட்டான். சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் குழந்தையின் பால் பவுடர் டின்னை வைத்து, அதன் மேல் கேமராவை நிறுத்திக் கைப்பிடியைத் தள்ளிப் பொத்தானை அழுத்திவிட்டு, எதிர்ச் சுவரோரம் நின்ற சுகன்யாவை நோக்கி ஓடினான்.

ஜிர்ர்ர்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. கேட்டதும் என் உடம்பு தானாக நிமிர்ந்தது. கை தலைமுடியை ஒதுக்கியது. கண் பக்கவாட்டில் போனது, அப்பா ஓடி வருகிறாரா என்று. நாற்பது வயது ஆள், யார் வீட்டிலோ, யாருடைய மேஜைக்குப் பின்னாலோ நின்றுகொண்டு செத்துப்போன அப்பாவைத் தேடினேன். கேமராவைக் கொடுக்கவே முடியாது என்று அந்த நிமிஷம்தான் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

அதே நேரத்தில் அம்மா பாய்ந்தாள். பாய்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மாடிப்படி ஏறும்போது முட்டி வலி என்று மூன்று இடத்தில் உட்கார்ந்தவள், இப்போது நாற்காலியிலிருந்து எழுந்து, முந்தானை பறக்க, "இருப்பா, நானும் வர்றேன்!" என்று அந்தக் குடும்பத்தை நோக்கிக் கையை விரித்துக்கொண்டு ஓடினாள்.

"யம்மா, வேணாம்மா!" என்று நானும் ஓடினேன். 'க்ளிக்' என்ற சத்தம் கேட்டது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். நான்தான் சேரவில்லை. என் இடுப்பு மேஜையில் மோதியது. டின் ஆடியது, கேமரா சரிந்தது. இரண்டு கையாலும் பாய்ந்து பிடித்தேன்.

பிடித்தது பால் டின்னை.

கேமரா மாவுக் குண்டானில் விழுந்தது. 'ப்ளக்' என்று ஒரே ஒரு சத்தம். மாவு அதன் மேல் மெதுவாக மூடிக்கொண்டது.

சுகன்யா, "ஐயோ, மூணு நாளைக்கு வெச்சிருந்த மாவு!" என்றாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். பிரபு தோள்வாரைப் பிடித்துக் கேமராவை வெளியே இழுத்தான். லென்ஸிலிருந்து மாவு சொட்டியது. குழந்தை அதைப் பார்த்துச் சிரித்தது.

எனக்கு வந்த கோபத்தில் இடம் பொருள் எதுவும் தெரியவில்லை. கேமராவைத் தள்ளியது நான் என்பதே மறந்துபோனது. "ஏம்மா, நாலு நாலு பேரா நிக்க வெச்சியே. அப்பா போகாம இருந்தாரா? அப்புறம் என்னாத்துக்கும்மா இந்தக் குதி?" என்று அத்தனை பேருக்கும் எதிரே கத்திவிட்டேன்.

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். என்னைப் பார்க்காமல் சுகன்யாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"போனாருதான். ஆனா நான் அதப் பாக்காம வுட்டிருந்தா, என்னாலதான் போனாருன்னு இன்னிக்கும் அழுதுக்கினு இருந்திருப்பேன். இப்ப அழுவுறேன், அந்தப் பேஜாரு இல்லாம அழுவுறேன். உனக்கு ஒண்ணும் ஆவாதும்மா. நீ தீர்க்காயுசா இருப்ப. இருந்தாலும் கிழவி ஒருத்தி ஓரமா நின்னா கொறஞ்சா போயிடுவ?"

சுகன்யா குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

பிரபு கேமராவைத் துடைத்து, ரோலைச் சுற்றி வெளியே எடுத்துவிட்டான். "பரவால்லண்ணா, இப்படியே எடுத்துக்கறேன்" என்றுகூடச் சொன்னான். நான் கேட்கவில்லை. புது மாவு வாங்கி வந்து கொடுத்துவிட்டு, குழந்தையின் பழைய துணியொன்றில் கேமராவைச் சுற்றி வாங்கிக்கொண்டு கிளம்பினோம். (கடையில் வாங்கிய மாவு புளிப்பு என்று சுகன்யா இன்றும் சொல்வாள்.)

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல வெயில். விக்கிரவாண்டி வருவதற்குள் துணியிலிருந்து வாசனை கிளம்பிவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளித்து, "இட்லி மாவா சார்? கொஞ்சம் ஜல்தி ஃப்ரிட்ஜுல வையுங்க, பொங்கிடும்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"நீதானம்மா விக்கச் சொன்ன?" என்றேன்.

"நீ தெனம் அலமாரியத் தெறந்து வெச்சிக்கினு நின்ன. எம்புள்ள மனசு கெட்டுப்போவுதேன்னு சொன்னேன். எனக்கு எதுக்குடா விக்கணும்?"

"உனக்குக் கஷ்டமா இருக்குன்னுதான் நான் சரின்னேன்."

"நல்ல வேளை மாவுல வுழுந்துச்சு" என்றாள் அம்மா. மடியில் இருந்த மூட்டையை இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

கேமரா அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை. எத்தனை தடவை துடைத்தாலும் ஏதோ ஒரு பல்சக்கரத்தில் காய்ந்த மாவு உட்கார்ந்திருக்கிறது. விற்கும் பேச்சையும் யாரும் எடுப்பதில்லை. வீட்டில் எந்தப் பழைய சாமானைப் பார்த்தாலும் கலா, "திண்டிவனம் கொண்டு போலாமாங்க?" என்பாள். என் மகள் தரையில் விழுந்து சிரிப்பாள்.

கொஞ்ச நாள் கழித்துப் பிரபு அந்தப் படத்தைக் கழுவி அனுப்பினான். நடுவில் கணவன், மனைவி, குழந்தை. ஓரத்தில் அம்மா, இரண்டு கையையும் விரித்தபடி, முகம் பாதி கலங்கிப்போய். நான் சிரித்துக்கொண்டே காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"உங்கப்பா ஓடியாரும்போது இப்படித்தான்டா இருந்திருக்கும்."

"எப்படிம்மா?"

"எப்படியாச்சும் போயி சேந்துடணும்னு."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் குழந்தையின் பிறந்தநாளுக்கு பிரபு போன் பண்ணுவான். "அம்மா வந்தாத்தான் போட்டோ" என்பான். அந்த நம்பிக்கையெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. ஆனாலும் அம்மா போய் நிற்கும் வரை கேக் அப்படியே காத்திருக்கும். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூ இல்லாத குறையைப் புடவைக் கரையில் தீர்த்துக்கொண்டு, அம்மா திண்டிவனம் பஸ் ஏறுவாள். முட்டி வலியைப் பற்றி அன்றைக்கு மட்டும் பேச்சே இருக்காது.

இந்த வருஷம் அவர்களுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது, பையன். அம்மா போனில் தாய்ப்பால் முதல் தொட்டில் வரைக்கும் எல்லாம் விசாரித்தாள். வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"என்னாம்மா?"

"நாலு பேரு ஆயிட்டாங்கடா. என் வேலை போச்சு."

எனக்கு மனசு தாங்கவில்லை. "அஞ்சு பேர் நின்னா ரொம்ப விசேஷமாம்மா. அதுவும் அஞ்சாவது ஆளு வயசானவங்களா இருந்தா, அந்த வீட்டுக் குழந்தைங்க நூறு வயசு இருக்குமாம். செஞ்சிப் பக்கம் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று எடுத்துவிட்டேன்.

அம்மா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கப்பன் மாதிரியே வாய் கூசாமப் புளுகுற" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பச்சைப் புடவைய இஸ்திரிக்குப் போட்டு வை" என்றாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்று சாயங்காலமே அதை எதிர்வீட்டில் சொல்லிவிட்டாள், செஞ்சிக்காரர்களே சொன்னதாக. எதிர்வீடு பக்கத்து வீட்டுக்குச் சொன்னது. இப்போது எங்கள் தெருவில் எந்த விசேஷத்திலும் நாலு பேர் நின்றால், "இரு இரு, அஞ்சாவது ஆளு வரட்டும்" என்று செல்போனை இறக்கிவிடுகிறார்கள். போன வாரம் கோடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், வழியோடு போன என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் நிற்க வைத்தார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

"யாருங்க அவங்க?" என்றாள் கலா.

"தெரியாது. நல்லா இருக்கட்டும்" என்றேன்.